மண் மணிச்சத்தைப் பிடித்து வைப்பதும் விடுவதும்: கீழ்ப்பேராக் சிறுதோட்டக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தெலுக் இந்தான் நகரை மையமாக வைத்துப் பார்த்தால், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நான்கு விதமான மண்ணைத் தொட்டுவிடலாம். மேற்கே ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் தென்னையும் செம்பனையும் நிற்கும் கடலோரக் களிமண். பெர்ணம் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த பகுதிகளில் மலாய்க்காரர்கள் கம்புட் என்று சொல்லும் சதுப்புக் கரிமண். கிழக்கே பீடோர், தாப்பா மலையடிவாரத்தில் மஞ்சளும் சிவப்புமான மேட்டு மண். அதே பகுதியில் வெள்ளீயம் தோண்டி எடுத்தபின் விட்டுப்போன வெள்ளை மணல். கடையில் வாங்கும் பாறைப் பாஸ்பேட் (பாஸ்பேட் பாறையை அரைத்த உரம்) மூட்டை நான்கு மண்ணுக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த மூட்டையில் உள்ள மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், நான்கு மண்ணிலும் நான்கு விதமாக நடந்துகொள்கிறது. ஆகவே எத்தனை கிலோ போடுவது என்று கேட்பதற்கு முன், போட்டதை இந்த மண் என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். தோட்டம் கைமாறியோ துண்டாடப்பட்டோ சில ஏக்கர் நிலத்தைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, உர அட்டவணையைப் பக்கத்துப் பெரிய தோட்டத்திலிருந்து அப்படியே எடுத்துப் பின்பற்றுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி மிகவும் தேவைப்படுகிறது.

முதற் படி: கணக்கைப் புரிந்துகொள்ளுதல்

வேர் மணிச்சத்தை மண்ணிலுள்ள நீரில் கரைந்த பாஸ்பேட்டாக மட்டுமே உறிஞ்சுகிறது. அப்படிக் கரைந்திருக்கும் அளவு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. நம் மேட்டு மண்ணில் ஒரு லிட்டர் மண்நீரில் 0.05 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டர் நிலத்தின் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணில், ஈரம் நன்றாக இருக்கும் நாளில், ஏறத்தாழ 9 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். அவ்வளவு நீரிலும் கரைந்திருக்கும் பாஸ்பரஸ் 45 கிராம்தான். மறுபுறம், ஒரு ஹெக்டரிலிருந்து ஆண்டுக்கு 25 டன் செம்பனைக் குலை வெட்டி அனுப்பினால், குலையோடு மட்டும் ஏறத்தாழ 11 முதல் 12 கிலோ பாஸ்பரஸ் வெளியேறுகிறது. ஆக, மண்நீர் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 தடவை தன் பாஸ்பேட்டை இழந்து, மண்துகள்களிடமிருந்து திரும்பப் பெற்றாக வேண்டும். மண்ணின் வளம் என்று நாம் சொல்வது, மணிச்சத்தைப் பொறுத்தவரை, இப்படித் திரும்பத் திரும்ப நிரப்பும் திறமையைத்தான்.

உர மூட்டையில் எழுதியிருக்கும் எண் பாஸ்பரஸின் எண் அல்ல என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அது பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்ற கணக்கில் எழுதப்படுவது. பாஸ்பரஸ் அளவு வேண்டுமானால் அதை 0.44 ஆல் பெருக்க வேண்டும். 30 சதவீதம் என்று போட்டிருக்கும் 50 கிலோ பாறைப் பாஸ்பேட்டில் 6.5 கிலோ பாஸ்பரஸும், நீரில் எளிதில் கரையும் 46 சதவீத டிரிப்பிள் சூப்பர் பாஸ்பேட் 50 கிலோவில் 10 கிலோ பாஸ்பரஸும் இருக்கின்றன. அப்படியானால் குலையோடு போன பாஸ்பரஸை ஈடுகட்ட ஹெக்டருக்கு இரண்டு மூட்டைப் பாறைப் பாஸ்பேட் போதுமே என்று தோன்றலாம். மண் தன் பங்கை எடுத்துக்கொள்ளாத இடத்தில் அது உண்மைதான். எடுத்துக்கொள்ளும் இடத்தில் இல்லை.

இரண்டாம் படி: மண் ஏன் பிடித்துக்கொள்கிறது என்பதை அறிதல்

சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காரணமான இரும்பு ஆக்சைடுகளும், அவற்றோடு சேர்ந்திருக்கும் அலுமினிய ஆக்சைடுகளும்தான் பாஸ்பேட்டைப் பிடிக்கும் முதன்மையான கைகள். கயோலினைட் என்ற களிமண் தாதுவின் ஓரங்களும் இதில் பங்கு கொள்கின்றன. இந்தப் பரப்புகளில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை விலக்கிவிட்டு, பாஸ்பேட் நேரடியாக உலோக அணுவோடு பிணைந்துகொள்கிறது. பொட்டாசியம் களிமண்ணில் ஒட்டுவது வேறு விதம். அது மின்னேற்றத்தால் மட்டும் ஒட்டியிருப்பதால் நேர்மின்னேற்றம் கொண்ட இன்னொரு அயனி வந்தால் எளிதில் இடம் விட்டுவிடும். பாஸ்பேட் அப்படி இடம் விடாது.

இந்தப் பிடிப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. போட்ட சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் பெரும்பகுதி பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இதில் ஒரு பங்கை மண்நீர் குறையும்போது திரும்பப் பெறலாம். பிறகு மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில், அது தாதுத் துகள்களின் நுண்துளைகளுக்குள் ஊடுருவியும், மேலே புதிய ஆக்சைடு படிந்து மூடப்பட்டும், வெளியே வருவதற்கு மேலும் மேலும் கடினமாகிறது. எனவே ஒரே மண்ணில் போன மாதம் போட்ட பாஸ்பேட்டும் பத்து ஆண்டுக்கு முன் போட்ட பாஸ்பேட்டும் ஒன்றல்ல. ஆனால் பழையது முற்றிலும் செத்துவிட்டது என்று சொல்வதும் தவறு. பரப்பின் மிகவும் பிடிவாதமான இடங்கள் முன்பே நிரம்பிவிட்டதால், அடுத்துப் போடும் உரம் முன்னைவிடத் தளர்வாகவே பிடிக்கப்படும். ரப்பர்க் காலத்திலிருந்து கிறிஸ்மஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட்டைப் பல பத்தாண்டுகள் வாங்கிய பழைய தோட்ட நிலத்துக்கும், நேற்று காடு வெட்டிய நிலத்துக்கும் ஒரே அளவு உரத்தைப் பரிந்துரைப்பது இதனால்தான் பொருந்தாது.

அமிலத்தன்மையும் இதில் சேர்கிறது. பிஎச் (அமிலம் கூடினால் குறையும் அளவு எண்) குறையக் குறைய ஆக்சைடுப் பரப்புகளில் நேர்மின்னேற்றம் கூடி பிடிப்பு இறுகுகிறது. கரைந்த அலுமினியம் வேரையே முடமாக்குகிறது. பிஎச் மிகவும் ஏறினால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படிவது உண்டு. ஈப்போவைச் சுற்றிய சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தை விட்டால் நம் பக்கத்தில் அந்தக் கவலை அநேகமாக இல்லை.

கரிமப் பொருள் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மட்கும் மட்டையும் தழையும் வெளியிடும் ஆக்சலேட், சிட்ரேட் போன்ற கரிம அமிலங்கள் பாஸ்பேட் உட்காரக்கூடிய அதே இடங்களில் உட்கார்ந்துகொள்கின்றன. அதோடு, கரிமப் பொருளுக்குள் கட்டுண்ட பாஸ்பரஸ், வேரும் நுண்ணுயிர்களும் சுரக்கும் பாஸ்பட்டேஸ் நொதியால் சிறுகச் சிறுக விடுபடுகிறது.

மூன்றாம் படி: நிலத்தை நடந்து பார்த்தல்

ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் கண்ணும் கையும் சொல்பவை பல. ஈரமான மண்ணை உருட்டித் திரித்தால் நாடாவாக நீள்கிறதா, உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளும் சிவப்பு மண் பிடிக்கும். உதிரும் வெள்ளை மணல் விட்டுவிடும். வெளிறிய மஞ்சள் நிறத்தில் மணல் கலந்திருக்கும் மேட்டு மண் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பசால்ட், ஆண்டிசைட் போன்ற எரிமலைப் பாறைகளிலிருந்து உருவான குவாந்தான், சிகாமட் மண்வகைகள் இந்நாட்டின் பிடிவாதமான மண்களில் சேர்ந்தவை. நம் பக்கத்துக் கருங்கல் வழி வந்த ரெங்கம் மண் அவ்வளவு மோசமில்லை.

செம்பனையில் மணிச்சத்துக் குறைவை இலை நிறத்தால் கண்டுபிடிக்க முடியாது. பொட்டாசியத்துக்கு ஆரஞ்சுப் புள்ளி, மக்னீசியத்துக்கு மஞ்சள் மட்டை என்று அடையாளம் உண்டு. மணிச்சத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. மட்டை குட்டையாக இருக்கும். தண்டு அடியில் பருத்து மேலே கூம்பிப் போகும். நிரைகளுக்கு இடையே லாலாங் புல்லும் செண்டுடுக் புதரும் மண்டி, மண்ணை மூட விதைத்த மூடுபயிர்க் கொடி மட்டும் எழும்பாமல் கிடந்தால், அந்த நிலத்தில் மணிச்சத்தைச் சந்தேகிக்கலாம்.

கடலோரக் களிமண்ணில் வேறொன்றைத் தேட வேண்டும். கான், அதாவது வடிகால், வெட்டி மேலே போட்ட மண்ணில் வைக்கோல் மஞ்சள் நிறத் திட்டுகள் தெரிகின்றனவா, கானில் துருநிறக் குழம்பு படிகிறதா அல்லது மீனே இல்லாத அளவுக்குத் தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இவை அமிலச் சல்பேட் மண்ணின் அறிகுறிகள். அடியிலுள்ள பைரைட் தாது காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறி, பிஎச் 3.5க்கும் கீழே இறங்கி, இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துவிடும். போட்ட பாஸ்பேட் அவற்றோடு கட்டிப்போகும்.

நான்காம் படி: மண் மாதிரி எடுத்தல்

மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஒரு மாதிரி, 15 முதல் 30 வரை இன்னொரு மாதிரி. ஒரே வகை மண்ணுள்ள ஒரு துண்டில் 15 முதல் 20 இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும். மரத்தைச் சுற்றிய உரவட்டத்து மண்ணையும் நிரை இடைவெளி மண்ணையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. பாஸ்பேட் மண்ணில் மில்லிமீட்டர் கணக்கில்தான் நகர்கிறது; வட்டத்தில் போட்டது வட்டத்திலேயே குவிந்திருக்கும். இரண்டையும் கலந்து வரும் சராசரி எண் தோட்டத்தில் எந்த இடத்தையும் குறிக்காது. வெட்டிய மட்டைகளை அடுக்கிய வரிசையிலிருந்தும் தனியே ஒரு மாதிரி எடுத்து வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: வீட்டிலேயே பிடிப்பையும் விடுப்பையும் அளத்தல்

இது ஆய்வகச் சோதனைக்கு மாற்று அல்ல. ஆனால் தன் மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் செலவில்லாமல் காட்டும் சோதனை இதுவே என்பதால் விரிவாகச் சொல்கிறேன். தேவையானவை: மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள், சிறு எடை பார்க்கும் தராசு, காப்பி வடிகட்டும் தாள், வடித்த நீர், மீன் தொட்டிக் கடையில் விற்கும் பாஸ்பேட் சோதனைத் திரவம் (பாஸ்பேட் கூடக் கூட நீரை அடர்நீலமாக்குவது).

மண்ணை நிழலில் உலர்த்தி, கட்டிகளை உடைத்து, மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும். டிரிப்பிள் சூப்பர் பாஸ்பேட் 1 கிராமை அரைத்து 1 லிட்டர் வடித்த நீரில் கரைத்து, தெளிந்தபின் அதிலிருந்து 50 மில்லிலிட்டரை எடுத்து மறுபடியும் 1 லிட்டராக நீர்க்க வைக்க வேண்டும். இந்தக் கரைசலில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். சோதனைத் திரவங்கள் பெரும்பாலும் காட்டும் பாஸ்பேட் கணக்கில் அது 30 மில்லிகிராம். ஒரு புட்டியில் 10 கிராம் மண்ணும் இந்தக் கரைசல் 100 மில்லிலிட்டரும் விட வேண்டும். மற்றொரு புட்டியில் மண்ணில்லாமல் கரைசல் மட்டும் இருக்கட்டும். ஒப்பீட்டுக்கு அது வேண்டும். மாலை முழுவதும் அவ்வப்போது குலுக்கி, இரவு அசையாமல் வைத்து, காலையில் தாளில் வடிகட்ட வேண்டும். வடிந்த நீரில் 10 மில்லிலிட்டருக்கு 90 மில்லிலிட்டர் வடித்த நீர் சேர்த்துச் சோதித்தால், மண்ணில்லாத புட்டி 3 மில்லிகிராம் அருகே காட்டும்.

மண் போட்ட புட்டியின் நீலம் ஒப்பீட்டுப் புட்டியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தால் அதை வன்பிடி மண் என்றும், பாதியளவில் நின்றால் நடுத்தரம் என்றும், ஏறத்தாழ அப்படியே இருந்தால் மென்பிடி என்றும் வைத்துக்கொள்ளலாம். இந்த எல்லைகள் நடைமுறை வசதிக்காக நான் வகுத்தவை.

அடுத்து, விடுப்பு. மேலே நிற்கும் கரைசலை முடிந்தவரை இறுத்துவிட்டு, அதே மண்ணில் 100 மில்லிலிட்டர் வடித்த நீர் விட்டு, முன்போலவே குலுக்கி, வைத்து, வடிகட்டி, இம்முறை நீர்க்காமல் சோதிக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். வன்பிடிச் செம்மண்ணும் வெள்ளை மணலும் இரண்டும் இந்த இரண்டாம் சோதனையில் குறைந்த எண்ணையே காட்டக்கூடும். செம்மண் வாங்கியதைத் தர மறுக்கிறது. மணலிடம் தருவதற்கே ஒன்றும் இல்லை. ஆகவே இரண்டு அளவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் சோதனையில் கணிசமாகப் பிடித்து, இரண்டாவதில் அதில் ஒரு பங்கை வெளிவிடும் மண்தான் உரத்துக்கு நன்றி காட்டும் மண். கரிமண்ணில் வடிநீர் பழுப்பாக வருவதால் நிறத்தை வாசிப்பது கடினம். அதற்கு மண்ணும் வெறும் நீரும் மட்டும் கலந்த மூன்றாவது புட்டியை வைத்து, அந்தப் பழுப்பைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: ஆய்வக அறிக்கையைப் படித்தல்

அறிக்கையில் கிடைக்கும் பாஸ்பரஸ் என்று ஓர் எண் இருந்தால், அது எந்த முறையில் எடுத்தது என்று கேட்காமல் அதை நம்பக் கூடாது. நம் அமில மண்ணுக்கு வழக்கமாகப் பிரே 1 அல்லது பிரே 2 முறை பயன்படுகிறது. இரண்டிலும் பாஸ்பேட்டைக் கரைத்தெடுக்கும் அம்மோனியம் புளோரைடின் அளவு ஒன்றே. பிரே 2இல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நான்கு மடங்கு. அந்த வலுவான அமிலம் மண்ணில் இன்னும் கரையாமல் கிடக்கும் பாறைப் பாஸ்பேட் துகளையும் கரைத்துவிடும். ஆகவே அண்மையில் பாறைப் பாஸ்பேட் போட்ட வட்டத்தில் பிரே 2 எண் பெரிதாக வந்தால், அதில் ஒரு பகுதி மரத்துக்கு எட்டாத எண் என்று கொள்ள வேண்டும். ஆல்சன் முறை சுண்ணாம்பு மண்ணுக்காக 1954இல் வந்தது. அதன் எண்ணைப் பிரே எண்ணோடு ஒப்பிடுவது வீண்.

மண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் உச்சியில் முழுதாக விரிந்த இளம் மட்டையிலிருந்து எண்ணி 17ஆம் மட்டையின் இலையையும் அனுப்ப வேண்டும். வளர்ந்த செம்பனையில் மணிச்சத்து 0.15 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் குறைவு என்பது பொது வழக்கு. இன்னும் நுட்பமாகப் பார்க்க, இலையின் தழைச்சத்து (நைட்ரஜன்) சதவீதத்தை 0.0487 ஆல் பெருக்கி 0.039 ஐக் கூட்டினால், அந்த மரத்துக்கு இருக்க வேண்டிய மணிச்சத்து கிடைக்கும், தழைச்சத்து 2.5 என்றால் மணிச்சத்து 0.16 இருக்க வேண்டும். மண் எண் உயர்ந்தும் இலை எண் தாழ்ந்தும் இருந்தால், குறை உரத்தில் இல்லை; வேரிலோ, வறட்சியிலோ, அலுமினியத்திலோ இருக்கிறது.

ஏழாம் படி: மண்ணுக்கேற்ப உரமிடுதல்

மேட்டுச் செம்மண்ணுக்குப் பாறைப் பாஸ்பேட்டே என் முதல் தேர்வு. வேகமாகக் கரைவதே உயர்ந்த உரம் என்று கடைகளில் சொல்லப்படுவதை இந்த மண்ணில் நான் ஏற்பதில்லை. பாறைப் பாஸ்பேட் கரைய அமிலம் வேண்டும். கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சுற்றியுள்ள மண் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிஎச் 5.5க்குக் கீழே இருக்கும் நம் மேட்டு மண் இரண்டையும் செய்கிறது. மண்ணின் குறை என்று நாம் நினைப்பதே இங்கு உரத்தைத் திறக்கும் வேலையைச் செய்கிறது. கரைதலுக்குத் தொடுபரப்பு தேவை என்பதால் அதை நன்கு பரப்பித் தூவ வேண்டும். வளர்ந்த மரங்களுக்கு வட்டத்தில் குவிப்பதைவிட, உறிஞ்சும் வேர்கள் அடர்ந்திருக்கும் மட்டை வரிசையின் ஓரத்தில் போடுவது பயன் தரும். நடவுக் குழியில் பாறைப் பாஸ்பேட் கலப்பது பழைய தோட்ட வழக்கம். அதை விட வேண்டியதில்லை.

டிரிப்பிள் சூப்பர் பாஸ்பேட் போன்ற கரையும் உரத்துக்கு முறை தலைகீழ். அதைப் பரப்பினால் ஒவ்வொரு துகளையும் மண் தனித்தனியே விழுங்கிவிடும். வேருக்கு அருகே பட்டையாகவோ சிறு குவியலாகவோ வைத்தால், அந்த இடத்து மண் நிரம்பி, மீதி வேருக்குக் கிடைக்கும். நாற்றுக்கும் காய்கறிக்கும் இந்த முறை பொருந்தும்.

மக்னீசியம் சுண்ணாம்புத் தூளால் பிஎச்சை 5 முதல் 5.5 வரை உயர்த்தினால் அலுமினியம் அடங்கும். அதற்கு மேல் போவது பணவிரயம். சுண்ணாம்பையும் பாறைப் பாஸ்பேட்டையும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் போட்டால், பாறை கரைய வேண்டிய அமிலத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடும். பாறையை முன்பே போட்டுச் சில மாதம் விட வேண்டும்.

மறுநடவு நிலத்தில் புயரேரியா, முக்குனா பிராக்டியாட்டா போன்ற மூடுபயிர்களுக்குத் தாராளமாகப் பாறைப் பாஸ்பேட் போடுவது செம்பனைக்கே போடுவது போலத்தான். கொடி அதைக் கரைத்து உறிஞ்சி, உதிரும் தழையில் கரிம வடிவில் திருப்பித் தருகிறது. கொடி மண்ணை மூடியும் வைக்கிறது. செம்மண்ணிலிருந்து பாஸ்பேட் கரைந்து ஓடுவதில்லை. மண்ணோடு சேர்ந்துதான் ஓடுகிறது. ஆகவே சரிவில் வெட்டிய மட்டையை உயரக் கோட்டுக்கு இணையாகக் குறுக்கே அடுக்குவது உரமிடுவதற்குச் சமமான வேலை. ஆலையிலிருந்து வரும், பழம் உதிர்த்த வெறுங்குலை பெரும்பாலும் பொட்டாசியமே என்றாலும், மட்கும்போது பாஸ்பேட்டின் பிடியைத் தளர்த்துவதால் இங்கும் பயன்படும்.

கடலோரக் களிமண்ணில் இயற்கையான இருப்பு பரவாயில்லை. அங்கே உரத்தைவிடத் தண்ணீரே முக்கியம். அமிலச் சல்பேட் அடுக்கு எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று துளையிட்டுப் பார்த்து, கான் நீர்மட்டம் அந்த அடுக்குக்குக் கீழே இறங்காதபடி தடுப்புப் பலகை வைத்துக் காக்க வேண்டும். அளவுக்கு மீறி வடித்த ஒரே வறட்சிக் காலம் பல ஆண்டு உரத்தைக் கட்டிப்போடும். பெர்ணம் ஆற்றுக்கு அக்கரையில், சபாக் பெர்ணம் முதல் செகிஞ்சான் வரையிலான நெல்வயல்களில் இதன் மறுபக்கம் நடக்கிறது: நீர் தேங்கியதும் இரும்பு வேறு வடிவுக்கு மாறிக் கரைவதால், அது பிடித்திருந்த பாஸ்பேட் விடுபடுகிறது, வயல் காய்ந்ததும் மறுபடி பிடிபடுகிறது. அதனால்தான் நெல்லுக்குப்பின் அதே வயலில் காய்கறி வைப்பவர்களுக்கு மணிச்சத்து திடீரென்று குறைந்ததுபோல் தோன்றுகிறது.

கரிமண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகக் குறைவு. பாஸ்பேட்டைப் பிடிக்க ஆளில்லை. கரையும் உரம் மழையோடு கானுக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். பாறைப் பாஸ்பேட் இங்குள்ள கடும் அமிலத்தில் வேகமாகவே கரையும்; ஆகவே ஆண்டளவை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, கனமழை மாதங்களைத் தவிர்த்துப் போட வேண்டும். நிலத்தடி நீர் 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்பது வேருக்கும் மண்ணுக்கும் நல்லது.

ஈயச்சுரங்க மணலில் முதல் வேலை, பிடிக்கும் பொருளைச் சேர்ப்பது. மட்கிய கோழி எருவும், அதே சுரங்கத்தின் குட்டைகளில் படிந்த களிக்குழம்பும் கலந்து குழிகளை நிரப்பிய பிறகே உரம் பற்றிப் பேசலாம். பீடோர் பக்கத்துக் கொய்யா வைப்பவர்கள் சிறு அளவில் அடிக்கடி உரமிடுவது மணலுக்கு ஏற்ற வழியே. ஆனால் கோழி எருவை ஆண்டாண்டாகப் போட்டுவிட்டு மேலும் பாஸ்பேட் வாங்குபவர்கள், வாங்குவதற்கு முன் ஒருமுறை மண்ணைச் சோதிக்க வேண்டும். அநேகமாக அவர்களுக்குத் தேவைப்படுவது பொட்டாசியமாகத்தான் இருக்கும்.

எட்டாம் படி: மறு அளவீடு

இலையை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் எடுக்க வேண்டும். மண்ணை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதே இடங்களில், அதே ஆய்வக முறையில் எடுத்தால் போதும். வன்பிடி மண்ணில் முதல் இரண்டு ஆண்டில் மண் எண் அசையாமலிருந்தாலும் இலை எண் ஏறிக்கொண்டிருந்தால் உர அளவை மாற்ற வேண்டாம். இலை எண் போதுமான அளவில் தொடர்ந்து நின்று, மண் எண்ணும் உயரத் தொடங்கினால், குலையோடு வெளியேறும் அளவை மட்டும் ஈடுகட்டும் நிலைக்கு உரத்தைக் குறைத்துவிடலாம். மென்பிடி மண்ணில் இந்தக் குறைப்பைச் செய்யும்போது அடுத்த ஆண்டு இலையைத் தவறாமல் பார்க்க வேண்டும்.